பலியும் கீழ்ப்படிதலும்: வேதக் கதைகளின் உட்பொருளைத் தேடிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் வளரும் ஒருவர் பலியின் கதையை ஏதேனும் ஒரு வாசலில் கேட்டே தீருவார். பக்ரீத் நெருங்கும் நாட்களில் மண்ணடிச் சந்துகளில் ஆடுகள் வந்து நிற்கும்போதே இப்ராஹீம் நபியும் அவர் மகனும் வீட்டுப் பேச்சில் வந்துவிடுகிறார்கள். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களின் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) வாசகங்களுள், ஆபிரகாம் (இப்ராஹீம்) கடவுள் கேட்டபடி தம் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற பகுதியும் ஒன்று. இன்னும் வடக்கே போனால் திருவொற்றியூர். விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமற் போனதும் தம் கழுத்தை அரிந்து குருதியை வார்க்கத் துணிந்த கலிய நாயனாரின் ஊர் அது.

கேட்டுப் பழகிய கதைகள் என்பதாலேயே இவற்றை நாம் நின்று படிப்பதில்லை. உட்பொருள் என்ன என்று கேட்டால், ‘கடவுள் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும்’ என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் விடையாக வருகிறது. அந்த வரிக்குள் இந்தக் கதைகள் அடங்குவதில்லை. அவற்றைப் பொறுமையாகப் படித்து, அவற்றின் குறியீடுகளை நம் விருப்பத்துக்கு வளைக்காமல் கண்டெடுப்பதற்கு, பல ஆண்டுகளாக வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் நான் பின்பற்றிவரும் முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தையும் பெரியபுராணத்தின் கலிய நாயனார் புராணத்தையும் முதன்மை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டிருக்கிறேன். கத்தோலிக்கத் திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் ஆதியாகமத்தைத் ‘தொடக்க நூல்’ என்ற தலைப்பில் காணலாம்.

முதற்படி: நூலில் இருப்பதை மட்டும் படியுங்கள்

உரை, பிரசங்கம், யூடியூப் சொற்பொழிவு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு மூலப் பகுதியை முழுவதுமாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆதியாகமம் 22இல் இந்தக் கதை முதல் 19 வசனங்களிலேயே முடிந்துவிடுகிறது. வாய்விட்டுப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணால் ஓட்டிப் படிக்கும்போது நமக்கு முன்பே தெரிந்த கதையைத்தான் படிக்கிறோம். நாவால் படிக்கும்போது எழுதியிருப்பதைப் படித்தாக வேண்டியிருக்கிறது.

படித்தவுடன் ஒரு தாளை எடுத்து, கதையில் இருப்பதாக நீங்கள் நினைத்திருந்து ஆனால் மூலத்தில் காணாதவற்றை எழுதுங்கள். ஈசாக்குக்கு அப்போது என்ன வயது என்று ஆதியாகமம் சொல்வதில்லை. முப்பத்தேழு என்பது யூத மரபில் வழங்கிவரும் கணக்கு. திருக்குர்ஆனில் இக்கதை 37ஆம் அத்தியாயத்தின் 102 முதல் 107 வரையுள்ள வசனங்களில் வருகிறது. பலிக்குரிய மகனின் பெயர் அந்த வசனங்களில் இல்லை. அவர் இஸ்மாயீல் நபியே என்பது முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. மரபு தந்த செய்திகளைக் குறைத்து மதிப்பிடச் சொல்லவில்லை, அவை நூற்றாண்டுகளின் சிந்தனை. எது மூலம், எது மரபு என்று தெரிந்துகொண்டு இரண்டையும் மதித்தால் போதும்.

இரண்டாம் படி: நேர்ப்பொருளில் கொஞ்ச நேரம் தங்குங்கள்

குறியீட்டைத் தேடும் ஆர்வத்தில் நடந்த செயலைத் தாண்டிப் போய்விடுவதுதான் இவ்வகை வாசிப்பின் பெருங்குறை. ‘ஈசாக்கு என்பது நம் ஆசை, மலை என்பது தியானம்’ என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் அந்தப் பையன் மறைந்துபோகிறான். அவன் மறைந்துவிட்ட வாசிப்பில் எந்தப் பொருளும் நிற்காது.

ஆகவே யார் எதைச் செய்கிறார், எதைச் சுமக்கிறார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணங்கட்டுகிறார், தகனபலிக்குக் கட்டைகளைப் பிளக்கிறார், இரண்டு வேலைக்காரரையும் மகனையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். மூன்றாம் நாளில்தான் இடம் தூரத்தில் தெரிகிறது. இடைப்பட்ட வழியில் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. மலையடியில் வேலைக்காரரை நிறுத்திவிட்டு, கட்டைகளை மகன்மேல் வைத்து, நெருப்பையும் கத்தியையும் தாம் கையில் எடுத்துக்கொள்கிறார். சுடுவதும் வெட்டுவதும் தகப்பன் கையில். பாரம் மட்டும் மகன் தோளில். பலியிடப் போகும் வேளையிலும் பிள்ளைக்குக் காயம் பட்டுவிடக் கூடாதே என்ற தகப்பனின் கை அது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு மகன் கேட்கிறான்: நெருப்பும் கட்டையும் இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? கத்தியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அது அவன் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். இந்த இடத்தில் நின்று தொண்டை அடைக்காதவர் அடுத்த படிக்குப் போக அவசரப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: திரும்பத் திரும்ப வருவதைத் தேடுங்கள்

குறியீடு நம் மூளையில் முளைப்பதாக இருக்கக் கூடாது; நூலிலிருந்தே எழ வேண்டும். அதற்கு நூல் தரும் அடையாளம், ஒரே சொல்லோ செயலோ மறுபடி வருவது. பென்சிலை எடுத்து அவற்றுக்கு அடிக்கோடிடுங்கள்.

‘இருவரும் கூடிப்போனார்கள்’ என்பது இருமுறை வருகிறது. மகன் கேட்பதற்கு முன் ஒருமுறை. ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்று தகப்பன் பதில் சொன்ன பின் ஒருமுறை. முதல் நடையில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இரண்டாம் நடையில் இருவருக்குமே ஏதோ தெரிந்துவிட்டிருக்கலாம், ஆனாலும் கூடவே நடக்கிறார்கள். திருக்குர்ஆனில் இது வெளிப்படையாகவே வருகிறது. கனவில் கண்டதைத் தந்தை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். உங்களுக்குக் கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளர்களில் ஒருவனாகக் காண்பீர்கள் என்று மகன் பதில் சொல்கிறார். அங்கே கீழ்ப்படிதல் இருவருடையது.

இனி முந்தைய அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கதை முழுதும் திறப்பது அங்கேதான். 21ஆம் அதிகாரத்திலும் ஆபிரகாம் அதிகாலையில் எழுந்திருக்கிறார்; அப்பத்தையும் தண்ணீர்த் துருத்தியையும் இஸ்மவேலின் (இஸ்மாயீல் நபியின்) தாய் ஆகாரின் தோளில் வைத்து, அவளையும் பிள்ளையையும் அனுப்பிவிடுகிறார். அதிகாலை எழுவதும் பாரத்தைப் பிறர்மேல் வைப்பதும் இரண்டு அதிகாரங்களிலும் உண்டு. வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிறது, தாய் பிள்ளையை ஒரு செடியின் கீழ் விடுகிறாள். மலையிலோ, மகனுக்குப் பதிலாகப் பலியாகப்போகும் கடா புதரில் கொம்பு சிக்கி நிற்கிறது. இரண்டு இடங்களிலும் பிள்ளை சாவின் விளிம்புக்குப் போனபின் வானத்திலிருந்து தூதனின் குரல் கேட்கிறது. ஆகாரின் கண்கள் திறக்கப்பட்டு ஒரு துரவை (கிணற்றை) காண்கிறாள். ஆபிரகாம் கண்களை ஏறெடுத்துக் கடாவைக் காண்கிறார். பிழைக்கும் வழி இரண்டிலும் அருகிலேயே இருந்திருக்கிறது.

இத்தனையும் தற்செயலாக அமைந்திருக்க முடியாது. ஒரு மகனை வீட்டைவிட்டு அனுப்பிய தகப்பனிடமே இன்னொரு மகன் கேட்கப்படுகிறான். 22ஆம் அதிகாரத்தைத் தனியாகப் படித்தால் அது ஒரு பக்தனின் தேர்வு மட்டுமே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு குடும்பத்தின் காயமும் அதில் தெரியத் தொடங்குகிறது. கதை அதோடும் நிற்கவில்லை. 25ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே அவரை அடக்கம்பண்ணுகிறார்கள். அதற்குப்பின் ஈசாக்கு குடியிருந்த இடம் லகாய்ரோயீ துரவின் அருகே. அது முன்பொருமுறை, 16ஆம் அதிகாரத்தில், ஓடிப்போன ஆகாரைத் தூதன் கண்ட இடம். ஒரு சகோதரனின் கதையை மண்ணடியிலும் மற்றவனின் கதையை ராயபுரத்திலும் படிக்கும் நாம், 21, 22, 25 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மாலையில் ஒன்றாக வைத்துப் படிப்பது மிகவும் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்காம் படி: பேசாதவர் யார் என்று கேளுங்கள்

இந்தப் படியைச் சொற்பொழிவுகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் தாய் சாராள் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும் இல்லை, சொல்லாமல் போனதாகவும் இல்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தோடு தொடங்குகிறது. காசிமேட்டில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஓர் அம்மா, ‘அந்த அம்மாவை யாருமே கேட்கலையா?’ என்று ஒரு மாலையில் கேட்டார். அன்று எங்களில் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கேள்வியை அடக்கிவிட்டு மேலே செல்லும் வாசிப்பு பாதி வாசிப்புத்தான். மௌனமாக இருப்பவரின் பெயரை உங்கள் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

ஐந்தாம் படி: எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது?

கலிய நாயனாரை இப்போது எடுத்துக்கொள்வோம். பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. திருவொற்றியூரின் சக்கரப்பாடித் தெருவில் செக்கு வணிகர் மரபில் பிறந்த செல்வர் கலியனார். கோயிலின் உள்ளும் புறமும் இரவும் பகலும் எண்ணற்ற விளக்குகளை ஏற்றுவதைத் தம் தொண்டாகக் கொண்டவர். அவர் அன்பை உலகுக்குக் காட்ட இறைவன் திருவுளங்கொள்கிறான், செல்வம் முழுதும் கரைகிறது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று அதில் வரும் கூலியால் விளக்கேற்றுகிறார். அவர்கள் தர மறுத்தபின் பிறர் செக்கில் கூலியாளாக எள் ஆட்டுகிறார். அந்த வேலையும் கிடைக்காமற் போக, வீட்டையும் பொருள்களையும் விற்கிறார். இறுதியில் மனைவியாரை விற்க நகரெங்கும் அழைத்துச் செல்கிறார், வாங்குவார் யாருமில்லை. மனம் தளர்ந்து கோயிலுக்கு வந்து, விளக்கு அணையுமானால் நானும் மாள்வேன் என்று துணிந்து, அகல்களைப் பரப்பித் திரியிட்டு, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை வார்க்கக் கழுத்தில் கருவியை வைத்து அரிகிறார். இறைவன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

இதை வரிசையாக எழுதிப் பாருங்கள்: மிகுதியான பொருள், கூலி, உடல் உழைப்பு, வீடு, மனைவி, தம் உயிர். கொடுக்கப்படுவது ஒவ்வொரு படியிலும் வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்த கை, கடைசியில் தன்னையே எள்ளாக வைக்கிறது. இந்தக் குறியீடு நாம் கொண்டுவந்து ஒட்டியதன்று; செக்கும் எண்ணெயும் விளக்கும் அவருடைய தொழிலிலேயே இருக்கின்றன.

அடுத்து, எது எங்கே நின்றது என்று பாருங்கள். மனைவியாரை விற்கும் முயற்சி சந்தையிலேயே தோற்றுப்போகிறது. அந்த அம்மையாரின் சொல் ஒன்றும் நம் காதுக்கு எட்டுவதில்லை. நான்காம் படியில் குறிக்க வேண்டிய மௌனம் அது. ஆனால் இன்னொருவரைக் கொடுப்பதன்மூலம் ஒரு விளக்கும் எரியவில்லை. தம்மையே கொடுக்க வந்தபோதுதான் செயல் சந்நிதியை அடைகிறது. அங்கும் அந்தக் குருதி கேட்கப்படவில்லை, கைதான் பிடிக்கப்படுகிறது. ஆபிரகாம் ஏறிய மோரியா மலையிலும் அப்படியே: ‘பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே.’ இக்கதைகளின் நடுப்புள்ளி கத்தி உயர்ந்த கணம் என்று நினைத்துப் படிப்பவர் பலர். கத்தி நின்ற கணத்தை நடுவில் வைத்துப் படித்துப் பாருங்கள், எல்லாம் இடம் மாறித் தெரியும்.

ஆபிரகாமின் கீழ்ப்படிதலும் அப்போது வேறு விதமாகத் தெரிகிறது. அவர் கேட்டது இரண்டு கட்டளைகள். மூன்று நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மலையேறியவர், கை ஓங்கியபின் வரும் ‘வேண்டாம்’ என்ற குரலைக் கேட்பதற்கு எத்தனை விழிப்போடு இருந்திருக்க வேண்டும்! தொடங்கிய செயலின் வேகத்தில் அந்தக் குரலைத் தவறவிடாததே அவருடைய பெரிய கீழ்ப்படிதல் என்று நான் கருதுகிறேன்.

ஆறாம் படி: மரபின் உரைகளை இப்போது திறங்கள்

முதல் ஐந்து படிகளும் முடிந்தபின் உரைகளுக்குச் செல்லுங்கள். இப்போது நீங்கள் அவற்றோடு பேச முடியும். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரம், மரித்தோரிலிருந்தும் எழுப்ப தேவன் வல்லவர் என்று எண்ணியே ஆபிரகாம் மகனை ஒப்புக்கொடுத்தார் என்கிறது. கட்டை சுமந்த ஈசாக்கில் சிலுவை சுமந்த இயேசுவைத் திருச்சபையின் ஆதிப் பிதாக்கள் கண்டார்கள். யூதர்கள் இந்த அதிகாரத்தைத் தங்கள் புத்தாண்டில் வாசிக்கிறார்கள். அன்று ஊதப்படும் கடாவின் கொம்பு இந்தக் கதையை நினைவூட்டுவதாகக் கொள்கிறார்கள். குர்பானி கொடுப்பதைப் பற்றித் திருக்குர்ஆன் 22ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் சொல்வது மிகத் தெளிவானது: அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது.

ஒரு வேண்டுகோள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று எல்லா மரபுகளையும் ஒரே குழம்பாகக் கரைத்துவிடாதீர்கள். சிலுவையைக் காணும் வாசிப்பு கிறித்தவருடையது. இறையச்சத்தைக் காணும் வாசிப்பு முஸ்லிம்களுடையது. அடியாரின் அன்பை உலகறியச் செய்யும் இறைவனின் விளையாட்டைக் காண்பது சைவருடையது. ஒவ்வொன்றும் தன் வீட்டில் முழுமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் வாசிப்பை அவர்கள் சொல்லும் முறையிலேயே திருத்தமாகச் சொல்லக் கற்பது, நம் வாசிப்பை ஆழமாக்குமே தவிரக் குறைக்காது.

ஏழாம் படி: கண்ட பொருளை யெப்தாவிடம் கொண்டுபோய்ச் சோதியுங்கள்

நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தில், போருக்குப் போகும் படைத்தலைவன் யெப்தா ஒரு பொருத்தனை (நேர்ச்சை) செய்கிறான்: வெற்றியோடு திரும்பும்போது தன் வீட்டு வாசற்படியிலிருந்து எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாகக் கொடுப்பேன் என்று. தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். தன் கன்னிமையினிமித்தம் துக்கங்கொண்டாட இரண்டு மாதம் கேட்டு, தோழிகளோடு மலைக்குப் போய்த் திரும்புகிறாள், பொருத்தனை நிறைவேறுகிறது. இங்கே வானத்திலிருந்து குரல் வரவில்லை, புதரில் கடா இல்லை. அவனை யாரும் இதைக் கேட்கவும் இல்லை.

ஆபிரகாமின் கதையிலிருந்து நீங்கள் கண்டெடுத்த பொருள் யெப்தாவின் செயலையும் அப்படியே புகழ்ந்துவிடுமானால், அந்தப் பொருளில் குறை இருக்கிறது. ‘அன்பானதைக் கொடுப்பதே பக்தி’ என்று எழுதியிருந்தீர்கள் என்றால் அது யெப்தாவுக்கும் பொருந்திவிடும். பிள்ளைகளை அக்கினியில் இடுவதைத் தாம் கட்டளையிடவும் இல்லை, தம் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா 7ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்வதையும், முதற்பேறான பிள்ளையைக் கொடுக்க வேண்டுமோ என்று கேட்டு, நியாயம், இரக்கம், மனத்தாழ்மை என்று விடை தரும் மீகா 6ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வரியைத் திருத்துங்கள்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் தெருக்களிலேயே இருக்கிறது. பெண் படிப்பை நிறுத்த வேண்டும் என்பதற்கும், அடிக்கும் கணவனோடு மனைவி பொறுத்துப்போக வேண்டும் என்பதற்கும், சம்பளம் முழுவதையும் பிள்ளை வாய்பேசாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதற்கும் ஈசாக்கின் பெயரையும் நாயன்மார் பெயரையும் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர் தமக்குரிய எதையும் பீடத்தில் வைப்பதில்லை. எப்போதும் இன்னொருவரைத்தான் வைக்கிறார். ஒரு வாசிப்பு உங்களிடம் எதையும் கேட்காமல், வேறொருவரிடம் கேட்கும் உரிமையை மட்டும் உங்களுக்குத் தருகிறதா என்று பாருங்கள். தருகிறது என்றால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதற்படிக்குத் திரும்புங்கள்.

எட்டாம் படி: ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

இறுதியாக, கதை உங்களுக்குச் சொல்லும் பொருளைத் தன்மையில், ‘நான்’ என்று தொடங்கி ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘மனிதன்’, ‘நாம்’ என்று எழுதினால் கூர்மை மழுங்கிவிடும். அந்த வாக்கியத்துக்குக் கீழே, அதற்கு ஆதாரமான வசன எண்ணையோ பாடலையோ குறியுங்கள். குறிக்க முடியவில்லையென்றால் அது கதையிலிருந்து வந்ததன்று. நான்காம் படியில் ஓரத்தில் எழுதிய பெயருக்குரியவர் அருகில் உட்கார்ந்திருப்பதாகக் கருதி அதைப் படித்துக் காட்டுங்கள். சாராளின் முன் சொல்லக் கூசும் வாக்கியம் மறுபடி எழுதப்பட வேண்டியது.

சிறு பிள்ளைகளோடு படிப்பவர்கள் இக்கதைகளைப் பாதியில் நிறுத்தி ‘மிச்சம் நாளைக்கு’ என்று சொல்லவே கூடாது. கத்தி உயர்ந்த இடத்தில் தூங்கப் போகும் பிள்ளை தன் தகப்பனை வேறு கண்ணால் பார்க்கும். கடா கிடைக்கும் வரை ஒரே அமர்வில் சொல்லி முடியுங்கள். யெப்தாவின் கதையைப் பிள்ளைகள் வளர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை கைவந்தபின் படிக்க மூன்று கதைகளைச் சொல்கிறேன். முதலில் கடோபநிடதத்தின் நசிகேதன்: பால் வற்றிய பசுக்களைத் தானம் கொடுக்கும் தந்தையிடம், என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்கும் மகனின் கதை, ஈசாக்கின் கேள்வியோடு சேர்த்துப் படிக்க ஏற்றது. இரண்டாவது, 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனம் அங்கேதான் வருகிறது, ஆனால் அது எந்தக் கட்டளையை மீறியதற்காகச் சொல்லப்பட்டது என்று முழுவதும் படித்தால் மனம் கலங்கும். ஆகவே தனியாகப் படிக்காதீர்கள். மூன்றாவது, திருவொற்றியூரிலேயே நடந்த சுந்தரர், சங்கிலியார் கதை: சங்கிலியாரைப் பிரியேன் என்று சந்நிதியில் சூளுரைப்பதைத் தவிர்க்க எண்ணிய சுந்தரர் இறைவனை மகிழ மரத்துக்குப் போய் இருக்கச் சொல்லியதும், இறைவனோ மகிழடியிலேயே சூளுறவு கேட்கும்படி சங்கிலியாரின் பக்கத்துக்குச் சொல்லிவைத்ததும். தம் மகனையே அறுத்து அமுது படைத்த சிறுத்தொண்டரின் புராணத்தை இவை மூன்றுக்கும் பிறகு, எட்டுப் படிகளும் நன்கு பழகிய பின்னர் எடுத்துக்கொள்ளுங்கள்.